வெறும் மைக் பிடித்தவரா கரோல் சிம்ப்சன்?

வாசகர் கேள்வி – ஜூன் 3

"அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் விவாதத்தை நடத்திய முதல் கறுப்பினப் பெண் என்று கரோல் சிம்ப்சனைத் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள். 1992 விவாதத்தின் பதிவை முழுவதும் பார்த்தேன். கேள்வி கேட்டவர்கள் பார்வையாளர்கள். பதில் சொன்னவர்கள் வேட்பாளர்கள். இவர் மைக்கை நீட்டிக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார், அவ்வளவுதான். இதில் சாதனை எங்கே இருக்கிறது? மைக் பிடிக்க யாரால் முடியாது?"

ஜூன் 3, இரவு

பெரும்பாலானவர்களால் முடியாது. இதை நான் செய்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

சில ஆண்டுகள் ஒரு தனியார் தொலைக்காட்சியில் மாவட்டச் செய்தியாளராக இருந்தேன். கல்யாண மண்டபத்தில் பொதுமக்களை உட்கார வைத்து எடுக்கும் விவாத நிகழ்ச்சிகளுக்கு என்னை அனுப்புவார்கள். கூட்டத்துக்குள் மைக்கோடு நடப்பது என் வேலை. அங்கிருந்த மூத்த ஒளிப்பதிவாளர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: "மைக்கை யார் கையிலும் கொடுத்துவிடாதேம்மா. கொடுத்தால் திரும்பி வராது. அவர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நீயே பிடித்துக்கொள். மூச்சு வாங்குகிற இடத்தில் எடுத்துவிடு."

காது பேசுகிறவரிடம் இருக்க வேண்டும். கண் அடுத்தவரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். முன்வரிசையில் இருக்கும் உள்ளூர்ப் பிரமுகர் கேட்காமலே எழுந்து நிற்பார். பின்வரிசையில் ஒரு பெண்ணின் கை தோள் உயரம் வரை வந்து, யாரோ திரும்பிப் பார்த்ததும் இறங்கிவிடும். அந்தக் கை இறங்குவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். நான் போகாவிட்டால் அன்று அவர் பேசியிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

கரோல் சிம்ப்சனைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

ரிச்மண்ட் இரவை எடுத்துக்கொள்வோம். 1992 அக்டோபர் 15. வர்ஜீனியா மாநிலம், ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் ராபின்ஸ் சென்டர் அரங்கம். மேடையில் முக்காலிகள் போட்டு ஜார்ஜ் புஷ் (மூத்தவர்), அவரை எதிர்த்த பில் கிளிண்டன், சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ மூவரும் அமர்ந்திருந்தார்கள். எதிரே யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 209 வாக்காளர்கள். அதிபர் தேர்தல் விவாதத்தில் பொதுமக்களே நேரடியாகக் கேள்வி கேட்கும் முறை அன்றுதான் அமெரிக்காவில் முதன்முதலாக வந்தது. முன்மாதிரி எதுவும் இல்லை. ஏறத்தாழ 7 கோடிப் பேர் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களுக்குத் தலைநகராக இருந்தது இந்த ரிச்மண்ட். அங்கே ஒரு கறுப்பினப் பெண் மூன்று வேட்பாளர்களையும் பார்த்து "ஒரு நிமிடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களில் புஷ் அப்போது பதவியில் இருந்த அதிபர்.

அன்றைய இரவில் உலகம் நினைவு வைத்திருப்பது ஒரே ஓர் இடத்தை. ஓர் இளம் கறுப்பினப் பெண் எழுந்து, "தேசியக் கடன் உங்கள் சொந்த வாழ்க்கையை எப்படிப் பாதித்தது?" என்று கேட்டார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பெரோ பதில் சொல்லி முடித்தார். புஷ் தொடங்கினார், தடுமாறினார், கேள்வி புரியவில்லை, உதவி செய்யுங்கள் என்றார். அந்தப் பெண் தன் நண்பர்கள் வேலை இழந்ததையும் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவிப்பதையும் சொன்னார்.

இங்கேதான் பதிவை நிறுத்தி இரண்டாம் முறை கேட்க வேண்டும். சிம்ப்சன் குறுக்கிட்டார். அரசின் நிதிப் பற்றாக்குறையை விட, நாடு இன்று சந்திக்கும் பொருளாதார நெருக்கடியைத்தான் அவர் கேட்கிறார் என்று நினைக்கிறேன் என்றார். ஒரே வாக்கியம். கேள்வி சரியான தடத்துக்கு வந்துவிட்டது. அடுத்து கிளிண்டன் முக்காலியை விட்டு எழுந்து, அந்தப் பெண்ணை நோக்கி நடந்து வந்து, உங்களை அது எப்படிப் பாதித்தது என்று மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டார். அந்தத் தேர்தலின் திருப்புமுனை என்று இன்றும் காட்டப்படும் காட்சி அது. புஷ் பின்னாளில் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜிம் லேரருக்குக் கொடுத்த நேர்காணலில், இன்னும் பத்து நிமிடத்தில் இது முடிந்துவிடும் என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்திருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

பார்வையாளர் தேசியக் கடன் என்கிறார். அவர் மனதில் இருப்பது வேலையிழப்பு. அதை நேரலையில் காதால் கேட்டு, யார் பக்கமும் சாயாமல், ஒரு வாக்கியத்தில் நேராக்குவது செய்தியாளர் வேலை. பல ஆண்டுப் பழக்கம் இல்லாமல் அது வராது.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

அதே இரவில் இன்னொரு கேள்வியும் வந்தது. ஒரு கறுப்பினத்தவரும் ஒரு பெண்ணும் சேர்ந்த இணையை உங்கள் கட்சி எப்போது வேட்பாளர்களாக நிறுத்தி வெற்றி பெற வைக்கும் என்று ஒரு பார்வையாளர் கேட்டார். தன் மனைவி பார்பரா புஷ் இந்த ஆண்டு போட்டியிட்டிருந்தால் ஜெயித்திருப்பார் என்று புஷ் சிரித்தபடி சொன்னார். அரங்கமும் சிரித்தது. கேள்வி கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் நடுவே நின்றவர் கரோல் சிம்ப்சன். அவர் முகத்தைப் பாருங்கள். சலனமே இல்லை. எனக்கு அந்தக் கட்டுப்பாடு வந்திருக்காது.

ஜூன் 6

அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்தால்தான் அந்த மேடை புரியும்.

1940-ல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா தபால்காரர், அம்மா தையல் வேலை செய்தவர். இதழியல் படிக்க வேண்டும் என்று நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வாசலுக்குப் போனபோது, கறுப்பினத்தவர், அதிலும் பெண், உனக்கு எந்தப் பத்திரிகையும் வேலை தராது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்து 1962-ல் பட்டம் பெற்றார். அந்த ஆண்டு அங்கே இதழியல் முடித்தவர்களில் கறுப்பினத்தவர் அவர் ஒருவரே. வேலை கிடைக்காமல் வெளியே வந்தவரும் அவர் ஒருவரே. அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிறுவனத்துக்குப் போய்ப் பணியாற்றினார், பிறகு அயோவாவில் மேற்படிப்பு.

1965-ல் சிகாகோவின் டபிள்யூ.சி.எஃப்.எல். வானொலி அவரை எடுத்துக்கொண்டது. தொழிற்சங்கக் கூட்டமைப்பு நடத்திய நிலையம் அது. சிகாகோ வானொலியில் செய்தி சொன்ன முதல் பெண் குரல் அவருடையது.

எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்தது அடுத்து நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவுக்கு வந்திருந்தார். எதற்காக வந்தார் என்று அவர் வாய் திறக்கவில்லை. மற்ற செய்தியாளர்கள் சலித்துப்போய்க் கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் கிங் தங்கியிருந்த ஹோட்டலில், அறைக்கு வெளியே நடைபாதையில் காத்துக் கிடந்தார். கிங் வெளியே வந்தபோது இந்த இளம் பெண் அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனம் இளகினார். சிகாகோவில் கறுப்பின மக்களுக்கு வீடு மறுக்கப்படுவதை எதிர்த்து மேயர் டேலியோடு மோதப்போகிறேன் என்று அவருக்குத்தான் முதலில் சொன்னார். அந்தச் செய்தி சிம்ப்சனுடையது.

1968-ல் இன்னொரு வானொலி. 1970-ல் டபிள்யூ.எம்.ஏ.க்யூ. தொலைக்காட்சி, சிகாகோ தொலைக்காட்சியில் முதல் கறுப்பினப் பெண் செய்தியாளர். வாசலில் திருப்பி அனுப்பிய அதே நார்த்வெஸ்டர்னில் எழுபதுகளின் தொடக்கத்தில் இதழியல் வகுப்பும் எடுத்தார். 1974-ல் என்.பி.சி. என்ற தேசியத் தொலைக்காட்சி வாஷிங்டனுக்கு அழைத்தது. 1982-ல் இன்னொரு தேசியத் தொலைக்காட்சியான ஏ.பி.சி. அங்கே துணை அதிபர் ஒருவரின் பயணங்களைப் பின்தொடர்ந்து செய்தி கொடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அந்தத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ். ரிச்மண்டில் அவரைக் கண்டு சிம்ப்சன் மலைக்கவில்லை என்றால், காரணம் இதுதான். வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய மனிதர்.

ஜூன் 7

ஒரு நண்பர் "அதிபர் விவாதத்தை நடத்திய முதல் பெண்" என்று வேறு இடத்தில் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. 1976-லேயே செய்தியாளர்கள் பாலின் ஃபிரெட்ரிக் ஒரு விவாதத்தையும் பார்பரா வால்டர்ஸ் இன்னொன்றையும் நடத்தினார்கள். வால்டர்ஸ் 1984-லும் நடத்தினார். சிம்ப்சன் முதல் கறுப்பினப் பெண். பொதுமக்கள் கேள்வி கேட்கும் வடிவத்தை நடத்திய முதல் நபர், ஆண் பெண் யாராக இருந்தாலும். அவர் பெயரில் இல்லாத பெருமையை ஏற்ற வேண்டியதில்லை, இருப்பதே போதும்.

ஜூன் 8

"கறுப்பினப் பெண்களில் தொலைக்காட்சிச் செய்திக்கு ஓப்ரா வின்ஃப்ரேதானே முதலில் வந்தார்?" என்று கேட்பவர்களுக்கு: ஓப்ரா எழுபதுகளில் நாஷ்வில் நகரில் செய்தி வாசித்தார், பிறகு பால்டிமோரில். அங்கே மாலைச் செய்தியிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதன் பிறகுதான் பேட்டி நிகழ்ச்சிகளுக்குப் போனார். அதற்கு முன்னரே பலர் வந்துவிட்டார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் பெல்வா டேவிஸ், 1966-ல் கே.பி.ஐ.எக்ஸ். நிலையத்தில். மேற்குக் கடற்கரையில் தொலைக்காட்சிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் செய்தியாளர். இதழியல் பட்டம் கிடையாது, கல்லூரிக்குப் போகவே பணம் இல்லை. 1964-ல் கௌ பேலஸ் அரங்கில் குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு வானொலிக்காகப் போனவரைக் கூட்டம் குப்பையை வீசி விரட்டியது. அன்றே இந்த வேலையை விடக் கூடாது என்று முடிவு செய்தவர், 2012 வரை திரையில் இருந்தார்.

நியூயார்க்கில் மெல்பா டாலிவர். 1971-ல் அதிபர் நிக்சனின் மகள் திருமணத்துக்கு முன்பு, தலைமுடியை நேராக்குவதை விட்டுவிட்டு இயல்பான சுருட்டை முடியோடு வந்தார். அதை மாற்றிக்கொண்டால்தான் திரையில் காட்டுவோம் என்று மேலிடம் சொன்னது. அவர் மாற்றவில்லை.

பிரிட்டனில் ஜமைக்காவைச் சேர்ந்த பார்பரா பிளேக் ஹானா, 1968, தேம்ஸ் தொலைக்காட்சி. ஒன்பது மாதத்தில் வேலை போயிற்று. கறுப்பு முகம் திரையில் வேண்டாம் என்று பார்வையாளர்கள் தொலைபேசியில் புகார் சொன்னார்கள், நிர்வாகம் அதற்குப் பணிந்தது. பிறகு பர்மிங்காமில் வேலை கிடைத்தபோது எந்த ஹோட்டலும் அவருக்கு அறை தரவில்லை. லண்டனிலிருந்து ரயிலில் போய்வந்தார். பி.பி.சி. தேசியத் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்க மொய்ரா ஸ்டூவர்ட் வந்தது 1981-ல்.

இவர்களில் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத வேண்டும். இங்கே சிம்ப்சனிடமே நிற்கிறேன்.

ஜூன் 11

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "சிம்ப்சனே அந்த வேலையைக் குறைவாகத்தான் பேசியிருக்கிறாரே" என்று எழுதியிருக்கிறார். உண்மை. மூன்று நாளாக இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆண்கள் நடத்திய விவாதங்களில் நெறியாளரே கேள்விகளைத் தயாரித்தார், தொடர்ந்து மடக்கிக் கேட்டார். தனக்குக் கொடுக்கப்பட்டது பார்வையாளர்களுக்கு மைக் நீட்டும் வடிவம் என்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது. 2012-ல், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு, செய்தியாளர் கேண்டி க்ராலிக்கு, வாய்ப்பு வந்தபோது, அவருக்கும் அதே பொதுமக்கள் விவாதம்தான் கிடைத்தது. அதைச் சிம்ப்சன் வெளிப்படையாகவே குறை சொன்னார். அந்தத் தடவை இரண்டு கட்சிகளின் தேர்தல் குழுக்களும் சேர்ந்து, நெறியாளர் கேள்வியைத் திருப்பிச் சொல்லக் கூடாது, துணைக் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒப்பந்தமே எழுதி வைத்திருந்தன. க்ராலி அதற்குக் கட்டுப்படப்போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டார். அன்றிரவு ஒரு வேட்பாளரின் கூற்றைத் திருத்தியதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆகவே அந்த வேலை வேண்டுமென்றே சுருக்கப்பட்டது என்பதை ஏற்கிறேன். சுருக்கியவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி. கையைக் கட்டி வைத்தவர்களை விட்டுவிட்டு, கட்டிய கையோடு வேலை செய்தவரைப் பார்த்து "என்ன பெரிய சாதனை" என்று கேட்பது நியாயமில்லை. ஒப்பந்தத்தில் தடை செய்யும் அளவுக்குத் தேர்தல் குழுக்கள் அஞ்சிய காரியம் எது? கேள்வியைத் திருப்பிச் சொல்வது. 1992-ல் சிம்ப்சன் அந்த ஒரு வாக்கியத்தில் செய்தது அதைத்தான்.

ஜூன் 11, இரவு

இன்னொன்று. சிம்ப்சனுக்குப் பிறகு அதிபர் விவாதத்தைத் தனியாக நடத்திய அடுத்த கறுப்பினப் பெண் கிறிஸ்டன் வெல்கர், 2020, நாஷ்வில். இடையில் 28 ஆண்டுகள். இன்னொரு கறுப்பினப் பெண் செய்தியாளர் க்வென் ஐஃபில் 2004-லும் 2008-லும் துணை அதிபர் விவாதங்களை அருமையாக நடத்தினார். அதிபர் விவாதம் அவருக்குக் கிடைக்காமலே 2016-ல் இறந்துபோனார். இந்த வரிசையை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஜூன் 14

அலுவலகத்துக்குள் அவர் என்ன செய்தார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. திரையில் தெரியாத பகுதி அதுதான்.

1985-ல் பார்பரா வால்டர்ஸைக் கௌரவிக்க ஒரு மதிய விருந்து. ஏ.பி.சி. செய்திப் பிரிவின் தலைவர் ரூன் ஆர்லிட்ஜ் வந்திருந்தார். பெண் செய்தியாளர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, செய்திகளில் பெண்களுக்கு எவ்வளவு இடம், எந்தப் பதவியில் எத்தனை பெண்கள் என்று கணக்கெடுத்துக் கையில் வைத்திருந்தார்கள். எழுந்து பேசியவர் கரோல் சிம்ப்சன். தலைவர் முகத்துக்கு நேரே, எல்லோர் முன்னிலையிலும். அதன் பிறகு கறுப்பின ஊழியர்களின் நிலை குறித்தும் அதே நிர்வாகத்திடம் பேசினார்.

எங்கள் நிலையத்தில் பெண் செய்தியாளர்களுக்குப் பூ விலை, பொதுத்தேர்வு முடிவு, கோயில் திருவிழா. கட்சிக் கூட்டமும் சட்டம் ஒழுங்கும் ஆண்களுக்கு. ஒருநாள் ஆசிரியர் குழுக் கூட்டத்தில் என் தோழி இதைக் கேட்டாள். "இரவு நேரத்தில் உங்களை எப்படியம்மா அனுப்புவது" என்று கரிசனமாகப் பதில் வந்தது. அந்தக் கரிசனத்தை எதிர்த்துப் பேசுவது திட்டை எதிர்ப்பதை விடக் கடினம். சிம்ப்சனும் சக பெண்களும் புலம்பாமல் எண்களோடு போனதன் மதிப்பு எனக்கு அப்போது தெரிந்திருந்தால் நாங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருப்போம்.

1988-ல் ஏ.பி.சி. அவருக்கு வார இறுதி மாலைச் செய்தியைக் கொடுத்தது. 2003 வரை, 15 ஆண்டுகள். அமெரிக்காவின் பெரிய அலைவரிசைகளில் அவ்வளவு நீண்ட காலம் வார இறுதிச் செய்தியாளர் இருக்கையில் ஒரு கறுப்பினப் பெண் அமர்ந்திருந்தது பெரிய விஷயம். வார நாள் இருக்கை வரவே இல்லை என்பதும் அதே அளவு பெரிய விஷயம். ஏ.பி.சி.யிலேயே மேக்ஸ் ராபின்சன் 1978-ல் வார நாள் மாலைச் செய்தியின் மூவரில் ஒருவராக, சிகாகோவிலிருந்து, வாசித்திருக்கிறார். அந்தக் கதவு அவரோடு மூடிக்கொண்டது.

இருக்கையில் மட்டும் இருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1990-ல் மண்டேலா விடுதலையான நாட்களில் தென்னாப்பிரிக்காவில் களத்தில் நின்றார். போலீஸ்காரர் ஒருவரிடம் அடி வாங்கினார். அடி வாங்கியபோது அவருக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 16

எல்லாவற்றிலும் அவரோடு உடன்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2007-ல் பாஸ்டன் எமர்சன் கல்லூரியில் இதழியல் கற்பித்தபோது, அதிபர் தேர்தலில் நிற்க முயன்ற ஹிலாரி கிளிண்டனின் நியூ ஹாம்ப்ஷயர் கூட்டத்துக்கு மாணவர்களைச் செய்தி சேகரிக்க அழைத்துப் போனார். அங்கே எழுந்து நின்று, என் ஆதரவு உங்களுக்குத்தான் என்று அறிவித்துவிட்டார். கரைபுரண்ட உணர்ச்சியில் பேசிவிட்டார் என்பது தெரிகிறது. அடுத்து அவரே ராஜினாமா செய்ய முன்வந்தார், கல்லூரி ஏற்கவில்லை.

முதலில் எனக்கு இது உறுத்தியது. செய்தி சேகரிக்க வந்த மாணவர்கள் பக்கத்தில் நிற்கும்போது ஆசிரியர் அப்படிச் செய்யக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ரிச்மண்டில், ஒரு பெண் எப்போது வருவார் என்ற கேள்விக்கு அரங்கம் சிரித்தபோது முகம் மாறாமல் நின்ற அதே மனிதர் இவர். வாழ்நாள் முழுவதும் அடக்கி வைத்தவர் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார் என்று பார்க்கிறேன். தவறு என்பேன், குற்றம் என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 19

கடைசியாக வந்த இரண்டு கேள்விகளுக்குப் பதில்.

ஆமாம், அவர் மகளின் பெயர் மல்லிகாதான். மல்லிகா மார்ஷல், மருத்துவர். பாஸ்டன் தொலைக்காட்சியில் மருத்துவச் செய்திகள் தந்தவர். அம்மாவின் தொழிலைத் தன் இரண்டாவது தொழிலாகப் பிடித்துக்கொண்டார்.

இன்னொருவர் மகள் அமெரிக்காவில் ஒலிபரப்பு இதழியல் படிப்பதாகவும் அவளுக்கு இதைக் காட்டப்போவதாகவும் எழுதியிருக்கிறார். அப்படியானால் வானொலி, தொலைக்காட்சிச் செய்தியாளர்களுக்கான அறக்கட்டளையில் கரோல் சிம்ப்சன் பெயரிலேயே ஓர் உதவித்தொகை இருக்கிறது. சிறுபான்மை மாணவர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று அவர் ஏற்படுத்தியது. விண்ணப்பிக்கும் தகுதியும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், மகளையே நேராக அவர்களிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 1992 விவாதப் பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒலியைக் குறைத்து வைத்து, ஒரு முறை சிம்ப்சன் எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார், யாரிடம் போகிறார் என்பதை மட்டும் பார்த்தால் வகுப்பில் சொல்லித் தராதது நிறையக் கிடைக்கும்.